பிளாப்பியிலிருந்து அண்ணாமலை அடிவாரம் வரை

2017 பிப்ரவரி 6 அன்று திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன் திருப்பணி நடந்த காலத்தில் கோபுரங்களைச் சாரம் மூடியிருந்தது. சுதை வேலை, வர்ணப் பூச்சு எல்லாம் அந்தச் சாரத்தில் நின்றுதான் நடந்தன. குடமுழுக்குப் பார்க்க வந்த கூட்டத்தில் சாரத்தைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? அதற்குள் அதைப் பிரித்து எடுத்துப் போயாயிற்று. கணினியில் நிறுவி என்கிற மென்பொருளின் பிழைப்பும் இதுதான். அரை மணி, ஒரு மணி நேரம் இருக்கும். வன்தட்டைப் பாகம் பிரிக்கும், கோப்புகளை இறக்கும், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். வேலை முடிந்ததும் கணினியை மறுபடி துவக்கச் சொல்லிவிட்டுத் தன்னையே கலைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்தக் கணினியில் வேலை பார்ப்பவர் அதை ஒருமுறைகூட நினைக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஒன்றுக்கு வாழ்க்கை வரலாறு எழுதலாமா என்றால், டெபியன் நிறுவிக்கு எழுதலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற கட்டற்ற மென்பொருள் அது. அதன் வம்சத்தில் வந்த ஓர் இயங்குதளம், 2011 முதல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஏறி, செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி என்று நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் வந்தது. இயங்குதளம் வந்தது, நிறுவி வரவில்லை. இந்த வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 1993இல் இயன் மர்டாக் தொடங்கினார். அந்தக் காலத்து நிறுவிக்குப் பெயரே 'பூட் பிளாப்பீஸ்'. 1.44 மெகாபைட் கொள்ளும் பிளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டும். கடைசிப் பிளாப்பி கெட்டிருந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண். வன்தட்டில் எந்தப் பாகம் எவ்வளவு, எந்த வலையட்டைக்கு எந்த டிரைவர் என்று விவரம் தெரிந்தவர்தான் அதன் முன்னால் உட்கார முடியும். இந்தியாவில் அப்போது லினக்ஸ் பெரும்பாலும் 'பிசி குவெஸ்ட்' போன்ற பத்திரிகைகளோடு சேர்ந்து வந்த சிடியில்தான் ஊர் ஊராகப் போனது. சிடியைப் போட்டுப் பார்த்துத் தட்டை அழித்துக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் அநேகம் பேர்.

2002 ஜூலையில் வெளிவந்த டெபியன் 3.0தான் பழைய நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு. அதை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, அடியிலிருந்து புதிதாகவே எழுத வேண்டும் என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஜோயி ஹெஸ் முன்னின்று நடத்தினார். புதிய நிறுவியின் அமைப்பில் ஓர் அழகு உண்டு. அது ஒரே பெரிய நிரல் கிடையாது. முதலில் நினைவகத்தில் ஒரு குட்டி டெபியன் எழுந்து நிற்கும். தட்டைப் பிரிக்க ஒரு துண்டு, வலையமைப்புக்கு ஒரு துண்டு, கடிகாரத்துக்கு ஒன்று என்று தேவைப்பட்டதை மட்டும் அது சிடியிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரவழைத்துக்கொள்ளும். அப்படி வரவழைக்கும் நிரலுக்கு அவர்கள் வைத்த பெயரை நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டினால் 'அண்ணா' என்றுதான் படிப்பார்கள்.

இந்த நிறுவியைத் தாய்வீட்டுக்கு முன்பே பிள்ளை வீடு பயன்படுத்திவிட்டது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு 2004 அக்டோபர் 20 அன்று முதல் பதிப்பை வெளியிட்டபோது அதில் இருந்தது இதே நிறுவி. டெபியன் 3.1 வர 2005 ஜூன் 6 ஆயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு சிடிகளைத் தபாலில் காசில்லாமல் அனுப்பியது. 2011 ஏப்ரலில் நிறுத்தும் வரை சிற்றூர்களுக்கும் அந்த உறைகள் வந்துகொண்டிருந்தன. 2006இல் உபுண்டு தனக்கென்று ஒரு நிறுவி செய்துகொண்டது. முதலில் சிடியிலிருந்தே இயங்கிக் காட்டும், பிடித்திருந்தால் ஓர் ஐகானை அழுத்தி ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன் அடியிலும் தட்டைப் பாகம் பிரிக்கும் வேலையை டெபியன் நிறுவியின் நிரல்தான் செய்தது.

தமிழ் உள்ளே வந்த கதைக்கு வருவோம். நிறுவியில் மொழி சேர்ப்பது என்றால் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். அப்படித்தான் ஐரோப்பிய மொழிகள் ஏறின. தமிழுக்கு அங்கே ஒரு சுவர் நின்றது. அன்றைய நிறுவி ஓடியது எழுத்து முனையத்தில். அந்தக் கறுப்புத் திரை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போகும். மொத்தம் 256 அல்லது 512 எழுத்துருவங்களுக்குத்தான் அதில் இடம். நம் 'கொ'வை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் சேமிப்பில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து ககரத்துக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாக நிற்க வேண்டும். 'கு', 'சு', 'து' ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உருமாறும். இதையெல்லாம் கணக்குப் பண்ணி எழுத்தைக் கோக்க ஒரு தனி இயந்திரம் வேண்டும். முனையத்தில் அது இல்லை. மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரையில் வருவது குப்பைதான்.

2007 ஏப்ரல் 8 அன்று வந்த டெபியன் 4.0 இந்தச் சுவரை உடைத்தது. அதில் நிறுவிக்கு வரைகலை முகப்பு கிடைத்தது. அதன் அடியில் பாங்கோ என்ற நூலகம் எழுத்துகளைக் கோத்துக் கொடுத்தது. அந்தப் பதிப்பை 58 மொழிகளில் நிறுவலாம் என்று டெபியன் அறிவித்தது. அழகுக்காகச் செய்த வேலை என்று வெளியே பலர் நினைத்தார்கள். சுட்டியால் சொடுக்கலாம் என்பதற்காக இத்தனை உழைப்பா என்று கேட்டவர்களும் உண்டு. இந்தி, வங்காளம், மலையாளம், கெமர், தமிழ் பேசுகிறவர்களுக்கு அது வாசலே திறந்த கணக்கு. இன்றைக்கும் நிறுவியின் எழுத்துமுனையப் பட்டியலில் தமிழைத் தேடினால் கிடைக்காது. வரைகலை முகப்பில்தான் இருக்கும்.

இந்த மொழிபெயர்ப்புகளைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யவில்லை. எந்தெந்த மொழி எந்த அளவில் நிற்கிறது என்று பிரான்சிலிருந்து கிறிஸ்தியான் பெரியே பல வருஷம் கணக்கு வைத்துக்கொண்டு, பின்தங்கிய மொழிக்காரர்களை விடாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன மொழி அடுத்த வெளியீட்டில் பட்டியலை விட்டு எடுக்கப்படும். தமிழ் எடுக்கப்படாமல் நின்றதற்குக் காரணம், வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து, 'பகிர்வு' என்பதா 'பாகம்' என்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்ட சில தன்னார்வலர்கள். அவர்களைத் தமிழ்நாட்டில் எந்த மேடையிலும் சால்வை போர்த்தி நான் பார்த்ததில்லை.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. நிறுவி தமிழில் கேட்கும், சில பதில்களை ஆங்கிலத்தில்தான் வாங்கிக்கொள்ளும். முழுப்பெயரைத் தமிழில் எழுதலாம். பயனர் பெயர் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கணினியின் பெயரிலும் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும்தான். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கிலத்துக்குத் தாவ எந்த விசை வேண்டும் என்று உடனே கேட்கும். கேட்காமல் விட்டால் உள்ளே நுழையவே முடியாது என்பதால் அது நியாயமான கேள்விதான்.

இனி தமிழ்நாட்டுப் பக்கம். 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. சிடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அதில் சேர்ந்து வேலை செய்தன. அங்கிருந்து 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸ் வந்தது. டெபியனை எடுத்து, இந்திய மொழிகளையும் எழுத்துருக்களையும் சேர்த்துச் செய்தது அது. ஏறக்குறைய அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றிக் காட்டினார். அரசு அலுவலகத்தில் லினக்ஸ் ஓடும் என்று தமிழ்நாடு நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் வருஷத்துக்கு மட்டும் எல்காட் கேட்ட ஒப்பந்தப்புள்ளி 9 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. டூயல் பூட் என்பார்கள். 2020 வாக்கில் திட்டம் நின்றபோது 50 லட்சத்துக்கு மேல் கொடுத்து முடித்திருந்தார்கள். உலகத்தில் ஓர் அரசு ஒரே திட்டத்தில் இத்தனை மாணவர் கைகளில் லினக்ஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அபூர்வம்.

சேர்த்ததுதான், ஆனால் எப்படிச் சேர்த்தது? லட்சக்கணக்கில் கணினி செய்யும் இடத்தில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார்ந்து நிறுவி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. தயார் செய்த ஒரு தட்டை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் இறக்கிவிடுவார்கள். ஆகவே பிளஸ் டூ பிள்ளைக்கு வந்தது ஏற்கெனவே பாகம் பிரித்து முடித்த வீடு. கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி. மேலே ஒன்று, கீழே ஒன்று. எது என்ன, ஏன் இரண்டு, வன்தட்டில் எது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விகளை எல்லாம் வரிசையாகக் கேட்டுப் புரியவைத்திருக்கக்கூடிய ஒரே ஆசிரியர் நிறுவிதான். அதை அந்தப் பிள்ளை சந்திக்கவே இல்லை.

அடுத்து நடந்தது எங்கள் பக்கத்தில் கணினி பழுதுபார்க்கும் எல்லாருக்கும் தெரிந்த கதை. பையன் விண்டோஸைத் திறப்பான். தட்டில் ஒரு பெரிய பாகம் பெயரில்லாமல் சும்மா கிடப்பதுபோல் காட்டும், ஏனென்றால் லினக்ஸின் கோப்புமுறையை விண்டோஸ் படிக்காது. படம் வைக்க இடம் போதவில்லை, இது வீணாகத்தானே இருக்கிறது என்று அதை அழிப்பான். அந்த நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை கணினியைப் போடும்போது விண்டோஸும் வராது. 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். காரணம் எளிது. துவக்கத்தில் எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் நிரலின் தலை மட்டும் தட்டின் முதல் பகுதியில் இருக்கும், உடம்பு லினக்ஸ் பாகத்துக்குள் இருக்கும். உடம்பை வெட்டி எறிந்துவிட்டு வாசலில் நிற்கும் தலையிடம் வழி கேட்டால் அது என்ன சொல்லும்?

பையன் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவான்.

"அண்ணா, கவர்மென்ட் லேப்டாப்ணா. ஆன் பண்ணா கறுப்பா வந்து நிக்குது."

"லினக்ஸ அழிச்சியா தம்பி?"

"அது எதுக்குன்னே தெர்லண்ணா."

"உள்ள போட்டோ, பாட்டு எதனா இருக்கா? ஃபார்மட் பண்ணி ஃபுல்லா போட்டுடறேன். சாயந்திரம் வா."

சாயந்திரம் வரும்போது முழுத் தட்டும் விண்டோஸாக இருக்கும், பெரும்பாலும் காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். இந்த உரையாடல் எந்த ஒரு கடைக்கும் சொந்தமானதல்ல. தேரடி வீதியில் கேட்டாலும் செங்கம் ரோட்டில் கேட்டாலும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வருகிறவர் கேட்பது ஓடுகிற கணினி. லினக்ஸைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால், 'டவுன்லோட் பண்ணின கேம் ஓடவில்லை' என்று மறுநாள் அதே பையன் வந்து நிற்பான்.

லினக்ஸ் நிலைக்காமல் போனதற்குக் கோயில் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருந்தது. இங்கே கணினி வைத்துப் பிழைப்பவர்களில் டிடிபி கடைக்காரர்கள் நிறையப் பேர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதான நோட்டீஸ், கார்த்திகை தீபத்துக்கு வரவேற்பு பேனர், முகூர்த்த நாட்களுக்குப் பத்திரிகை. எல்லாம் பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் செய்த வேலை. அவற்றில் சேர்த்து வைத்த வருஷக் கணக்கான கோப்புகளை லினக்ஸில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் கிறுக்கல் வரும். தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழ் எழுத்துக் குறியாக்கத் தரமாக அறிவித்ததே 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில்தான். அதற்கு முந்தைய கோப்புகளை விட்டுவிட்டு எந்தக் கடைக்காரரும் மாறமாட்டார். மாறச் சொல்வதும் தவறு.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போனது. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் முதலில் ஆசிரியர்களைப் பழக்கியது. பள்ளிக்கூடத்துக் கணினிகளில் அவர்களே நிறுவிப் பழகினார்கள், பாடப்புத்தகமும் தேர்வும் அதிலேயே நடந்தன. நாம் பொருளைக் கொடுத்தோம், அவர்கள் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணிக்கையில் நாம் பெரிய ஆள்தான். ஆனால் இன்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் ஓடுகிறது என்று பார்த்தால் விடை தெரியும்.

நிறுவியின் பக்கத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. பல வருஷம் அது மடிக்கணினிக்காரர்களை ஒரு விஷயத்தில் படுத்தியது. வைஃபை அட்டை வேலை செய்ய ஃபர்ம்வேர் என்ற சின்னக் கோப்பு வேண்டும். அதைத் தயாரிப்பாளர்கள் மூல நிரலோடு தருவதில்லை. கட்டற்றது அல்லாத எதையும் அதிகாரபூர்வ நிறுவியில் வைப்பதில்லை என்பது டெபியனின் கொள்கை. ஆகவே நடுவில் நிறுத்தி, இன்ன பெயருள்ள கோப்பைப் பென்டிரைவில் கொண்டு வா என்று கேட்கும். இருக்கும் ஒரே கணினியில்தான் நிறுவிக்கொண்டிருக்கிறோம், அந்தக் கோப்பை எங்கே போய் இறக்குவது? கொள்கை சரியானது, வாசலில் நின்றவருக்கு அது பூட்டு. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இதை மாற்றினார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரும் நிறுவியோடு சேர்ந்தே வருகிறது. தூய்மைவாதிகளுக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

அதே வருஷம் ஜனவரி 28, 29 தேதிகளில் டெபியன்காரர்கள் விழுப்புரத்துக்கு வந்தார்கள். தமிழ்நாட்டு மினி டெப்கான்ஃப் அங்கே நடந்தது. சென்னையிலோ கோவையிலோ நடத்தாமல் விழுப்புரத்தில் நடத்தக் காரணம் விழுப்புரம் ஜிஎன்யு லினக்ஸ் பயனர் குழு. கிராமத்துப் பிள்ளைகளை வார இறுதியில் உட்காரவைத்துக் கட்டற்ற மென்பொருள் கற்றுக்கொடுக்கும் கூட்டம் அது. செப்டம்பரில் உலக அளவிலான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் ரயிலில் ஏறினால் திருவண்ணாமலை வழியில்தான் இருக்கிறது. இவ்வளவு கிட்டே ஒரு டெபியன் மாநாடு இதற்கு முன் வந்ததில்லை.

இப்படிப்பட்ட குழுக்கள் நடத்தும் நிறுவல் விழாக்களில்தான் பிள்ளைகள் நிறுவியை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். முழுத் தட்டையும் எடுத்துக்கொள்ளட்டுமா, மிச்சமிருக்கும் இடத்தை மட்டும் எடுக்கட்டுமா என்று அது கேட்கும் இடத்தில் எல்லாருக்கும் கை நடுங்கும். பக்கத்தில் ஓர் அக்காவோ அண்ணனோ நிற்பார்கள். "பேக்கப் எடுத்துட்டியா? அப்ப ஓகே குடு."

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்காது, 2011இலும் அதற்கு அடுத்த சில வருஷங்களிலும் கொடுத்த அரசு மடிக்கணினிகள் அதன் கணக்கில் சேராது. அவற்றில் இன்னும் உயிரோடு இருப்பவை கடைகளுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. முன்பு பாஸ் லினக்ஸை வழித்துப் போட்ட அதே கணினிக்கு இப்போது லினக்ஸ் போடலாமா என்று கேட்கிறார்கள். கடைக்காரர்களின் பென்டிரைவில் விண்டோஸ் கோப்புகளுக்குக் கீழே லினக்ஸ் மின்டோ உபுண்டுவோ ஒன்று இருக்கிறது. டெபியன் குறைவுதான்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கு நிறுவி கிடையாது. ஆகவே செயலி 64-பிட்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவிலிருந்து துவக்கியதும் வரும் பட்டியலில் 'கிராபிகல் இன்ஸ்டால்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்திருக்கும் வெறும் 'இன்ஸ்டால்' வரியை அழுத்தினால் மொழிப் பட்டியலில் தமிழ் வராது.